கேரவன் டேங்கில் தண்ணீர் எவ்வளவு? மூன்று வகை சென்சார், என் அனுபவம்

தங்கிப் பயணிக்கிற வண்டியான கேரவனுக்கு வாட்டர் லெவல் மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது டிஸ்ப்ளேயைப் பற்றித்தான். கலர் ஸ்கிரீனா, புளூடூத் உண்டா, போனில் தெரியுமா? அதையெல்லாம் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். டேங்கில் உட்கார்ந்து அளவெடுக்கிற சென்சார் எந்த வகை, அது உங்கள் டேங்கின் வடிவத்துக்கு ஒத்துவருமா என்பதுதான் விஷயமே. மூன்று வகையை வைத்து வருடக்கணக்கில் புழங்கியவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன்.

வண்டியோடு வந்தது திருகு வகை. டேங்கின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் எவர்சில்வர் திருகுகள் இருக்கும். தண்ணீர் தொட்டதும் அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் பாய்ந்து அதற்குரிய விளக்கு எரியும். கால், அரை, முக்கால், முழுசு, அவ்வளவுதான். நல்ல தண்ணீர் டேங்குக்கு இது மோசமில்லை. ஆனால் அரை விளக்கு அணைந்த பிறகு கால் விளக்கு அணைகிற வரைக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. 80 லிட்டர் டேங்கில் அந்த இடைவெளி 20 லிட்டர். தலையில் சோப்பு இருக்கும்போது பம்ப் வெறும் காற்றை இழுக்கிற சத்தம் கேட்டால்தான் அதன் அருமை புரியும்.

கழிவுநீர் டேங்கில் இந்த வகை சுத்தமாக எடுபடவில்லை. முழுக்க வடித்துவிட்டு வந்து பார்த்தாலும் முக்கால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தேன். திருகு முனைகளிலும் சுற்றியிருந்த சுவரிலும் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு. ஈரமாக இருக்கிற வரை அந்தப் படலமே மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது, சென்சாருக்கு அதுவும் தண்ணீர்தான். ஒரு திருகு மட்டும் அரித்து மெலிந்து போயிருந்தது. நேர்மின்னோட்டம் ஓயாமல் பாய்ந்தால் பாசிட்டிவ் பக்கம் இப்படிக் கரையும். நல்ல தயாரிப்புகளில் மாறுமின்னோட்டம் கொடுப்பார்கள், அல்லது பட்டனை அழுத்தும்போது மட்டும் மின்சாரம் போகும். வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து மிதவைக்கு மாறினேன். நிமிர்ந்த குழாயில் மிதவை ஏறி இறங்கும், உள்ளே காந்த சுவிட்சுகள் மின்தடையை மாற்றும். இதில் கவனிக்க வேண்டியது அந்த மின்தடையின் அளவு, அதாவது ஓம் கணக்கு. ஐரோப்பிய வகையில் காலிக்கு 0, முழுசுக்கு 190 ஓம். அமெரிக்க வகையில் காலிக்கு 240, முழுசுக்கு 33. சென்சார் ஒரு வகையும் டிஸ்ப்ளே இன்னொரு வகையுமாகக் கலந்து மாட்டினால் காலி டேங்கை நிறைந்ததாகவும், நிறைந்த டேங்கை ஏறக்குறைய காலியாகவும் காட்டும். ஆழமான டேங்குக்கு மிதவை நன்றாகவே வேலை செய்யும். கேரவனின் அடியில் இருப்பதோ 20 சென்டிமீட்டர் உயரத் தட்டை டேங்க். மிதவை மேலேயும் கீழேயும் தொட முடியாத இடம் போக மிச்சம் கொஞ்சம்தான். அதிலும் முள் படிப்படியாகத் தாவுமே தவிர சீராக இறங்காது. உப்புத் தண்ணீர் பிடித்த பிறகு குழாயில் வெள்ளையாகப் படிந்து மிதவை சிக்கிக்கொண்டதும் உண்டு.

இப்போது இருப்பது டேங்கின் வெளியே ஒட்டுகிற பட்டை. பிளாஸ்டிக் சுவர் வழியாகவே தண்ணீரை உணரும் கெப்பாசிட்டிவ் வகை. டேங்கில் ஓட்டை போட வேண்டாம், தண்ணீரை எதுவும் தொடாது. உலோக டேங்குக்கு இது ஆகாது. ஒட்டும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, இரும்புச் சட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒட்டினால் பிறகு தொல்லை இல்லை. குளிர்ந்த தண்ணீர் நிரப்பியதும் டேங்கின் வெளிப்புறம் வியர்க்கும், அப்போது கொஞ்ச நேரம் கூடுதலாகக் காட்டும். மற்றபடி எனக்கு இதுவே போதும்.

எந்த சென்சாரானாலும் எங்கே வைக்கிறோம் என்பது பெரிய விஷயம். 1.2 மீட்டர் நீள டேங்க், வண்டி 3 டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று வையுங்கள். இரு முனைகளுக்கும் இடையே தண்ணீர் மட்டத்தில் 6 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். சென்சார் ஓரத்தில் இருந்தால் 20 சென்டிமீட்டர் டேங்கில் 15 சதவீதம் பிசகும். நடுவில் வைத்தால் இந்தப் பிசகு பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

அளவு திருத்துவதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். சக்கர வளைவுக்கு இடம் விட்டு வளைத்த டேங்கில் பாதி உயரம் என்பது பாதித் தண்ணீர் அல்ல. 10 லிட்டர் வாளியால் ஊற்றி ஊற்றி ஒவ்வொரு முறையும் டிஸ்ப்ளே சொல்வதைக் குறித்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எங்கள் டேங்கில் 50 சதவீதம் என்றால் உண்மையில் 30 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தாள் இல்லாமல் டிஸ்ப்ளேயின் எண்ணை நம்பவே மாட்டேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால், இழுவை எடைக்கு எவ்வளவு சுமந்து கிளம்பலாம் என்று முடிவு செய்யவும் அதே தாள்தான்.

மற்ற வகைகளை நான் மாட்டவில்லை. மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கிற அல்ட்ராசோனிக்குக்கு மேலே சில சென்டிமீட்டர் குருட்டு இடம், அதாவது அளக்க முடியாத இடம், வேண்டும்; தட்டை டேங்கில் அதற்கே கணிசமான உயரம் போய்விடும். அழுத்த சென்சார் கோணல் டேங்கிலும் உயரத்தைச் சரியாகச் சொல்லும். ஆனால் 20 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் 2 கிலோபாஸ்கல்தான். 100 கிலோபாஸ்கல் வரை அளக்கிற தொழிற்சாலை ரகத்தை மாட்டினால் அதன் அளவுகோலில் 2 சதவீதத்தைக்கூட எட்டாது. பம்புக்குப் போகும் குழாயில் மாட்டினால் பம்ப் ஓடும்போது முள் இறங்கும், உறைபனியில் தண்ணீரை வடிக்காமல் விட்டால் சென்சார் உடையும்.

மின்சாரத்தையும் பாருங்கள். எந்நேரமும் 20 மில்லிஆம்பியர் இழுக்கும் டிஸ்ப்ளே ஒரு மாதம் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரியிலிருந்து 14 ஆம்பியர்-ஹவர் குடித்துவிடும். என்னுடையது பட்டன் வகை.

கழிவுநீர் டேங்குக்கு சதவீதமெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முக்கால் உயரத்தில் வெளியே ஒட்டிய ஒரே ஒரு சென்சார், எட்டியதும் ஒரு சிவப்பு விளக்கு. சுவரில் பிசுக்கு ஏறினால் அதுவும் ஏமாற்றும் என்பதால், வடிக்கும்போதெல்லாம் ஒரு வாளி வெந்நீர் விட்டு அலசுகிறேன்.