ஆர்டோர் மென்பொருளைக் கடையில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பினாங்கில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்பவர்கள் யாராவது "ஸ்டூடியோ கணினி, மென்பொருளோடு" என்று வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் வட்டாரத்து உருமி மேளப் பையன்களுக்குத் தைப்பூசப் பாட்டுகளை நான்தான் பதிவு செய்து கொடுப்பேன். அதற்கு ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதன் மூலநிரல், அதாவது மென்பொருளை எழுதிய மூல வரிகள், இலவசம். யாரும் அதை இறக்கித் தாங்களே கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக மாற்றிக்கொள்ளலாம். நானும் முயன்றேன். அதற்குத் தேவையான துணை நிரல் (லைப்ரரி) ஒன்றைப் போட்டால் இன்னொன்று இல்லை என்றது. இரண்டு ராத்திரி போனதுதான் மிச்சம். அதனால் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் உபுந்து என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியும், "முழு உரிமம் உள்ள பதிப்பு" என்று 650 வெள்ளிக்கு மென்பொருளும் வாங்கினேன். திறந்தால் கடையின் பெயர்தான் பெரிதாக வரும். உள்ளே இருந்தது ஆர்டோர் 6. அப்போதே 8 வெளிவந்திருந்தது.

சரியாக ஒரு வருடம். தைப்பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது "உரிமம் முடிந்தது" என்று வந்தது. பதிந்த பாட்டு எதையும் திறக்க விடவில்லை. கடைக்கு ஓடினேன். "புதுப்பிக்க 400 வெள்ளி அண்ணே" என்றார். வருடா வருடம் கட்ட வேண்டும் என்று வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரசீதிலும் இல்லை. சரி, மூலநிரலையாவது கொடுங்கள் என்றேன். "அது கம்பெனி ரகசியம் அண்ணே."

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஆர்டோர் ஜிபிஎல் என்ற திறந்த மூல மென்பொருள் உரிமத்தில் வருவது. அதைக் காசுக்கு விற்கலாம், தப்பில்லை. ஆனால் விற்றவர், வாங்கியவர் கேட்டால் மூலநிரலைத் தந்தாக வேண்டும். வாங்கியவர் கையைக் கட்டும் புதுக் கட்டுப்பாடு எதையும் சேர்க்கவும் கூடாது. ஊரார் உழைப்பின்மேல் தன் பெயரை ஒட்டிவிட்டு ரகசியம் என்கிறார்!

காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆர்டோரை உருவாக்குபவர்களே தயார்ப் பதிப்பைத் தங்கள் தளத்தில் ஒரு டாலரிலிருந்து தருகிறார்கள். காசு கட்டாத சோதனைப் பதிப்பில் பத்து நிமிடத்தில் சத்தம் நின்றுவிடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பணம் உழைத்தவர்களுக்குப் போகிறது. உபுந்துவில் அதுகூட வேண்டாம். அதன் மென்பொருள் களஞ்சியத்தில் ஆர்டோர் என்று தேடிப் போட்டால் போதும், கம்பைல் செய்யாமலே முழுதாக வந்துவிடும். தினமும் உபுந்து போட்டு விற்கும் கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

நான் அப்படிப் போட்டதும் பழைய செஷன்கள், அதாவது நான் பதிந்து வைத்த பாட்டுகள், திறந்தன. பதினான்கு ட்ராக்கும் பத்திரமாக இருந்தன. பையன்களுக்குப் பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரசீதோடு பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான்.

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் பயப்படாதீர்கள். செஷன் ஃபோல்டருக்குள் இன்டர்சேஞ்ச், அதற்குள் செஷன் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆடியோஃபைல்ஸ் என்று இருக்கும். குரலும் உருமியும் அங்கே சாதாரண வேவ் கோப்புகளாகக் கிடக்கும். என் கணினியில் பூட்டு மென்பொருளுக்குத்தான், கோப்புகளுக்கு இல்லை. முதலில் அந்த செஷன் ஃபோல்டரை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். அப்புறம் கடைக்காரரிடம் பேசுங்கள். கணினியை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.