ஹெட்ஸ்-அப்ல எதிராளி ஏறி அடிச்சா: விட்டுப் பிடிக்கிறதா, திருப்பி அடிக்கிறதா?

ஹெட்ஸ்-அப் போக்கர்ல, அதாவது ரெண்டே பேர் ஆடற ஆட்டத்துல, எதிராளி போகப் போக சூடேறி கண்ட கைக்கும் ரெய்ஸ் அடிக்க (பந்தயத்தை ஏத்த) ஆரம்பிச்சா முக்கியமா ரெண்டு வழிங்க, ஒண்ணு கால் பண்ணிட்டே (அவர் போட்ட அளவுக்கே நாமளும் போட்டுட்டே) அவரா பிளஃப்ல, அதாவது வெத்துக் கைய வச்சு மிரட்டறதுல, மாட்டட்டும்னு விடறது, இன்னொண்ணு திருப்பி ரெய்ஸ் அடிக்கிறது.

எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், அதுவும் ரிவர்ல, அதாவது கடைசி பொதுச் சீட்டு வந்தப்புறம். பாட்ல (நடுவுல சேந்த பந்தயப் பணத்துல) 20 இருக்கு, அவர் 20 போடறார்னு வைங்க, நாம 20 போட்டா மொத்தம் 60, மூணுல ஒரு தடவை ஜெயிச்சாலே முதலுக்கு மோசமில்ல, அதனால கன்னாபின்னான்னு அடிக்கிற ஆள்கிட்ட மிடில் பேர்கூட (நடுத்தரமான பொதுச் சீட்டோட சேர்ற ஜோடிகூட) தாராளமா கால் பண்ற கைதான், அங்க போய் ரெய்ஸ் அடிச்சா பிளஃப் எல்லாம் ஃபோல்டு ஆயிடும் (சீட்டைப் போட்டுட்டு விலகிடுவார்), நம்மள ஜெயிக்கிற கை மட்டும்தான் நிக்கும்.

ஆனா ஃப்ளாப்புக்கு (முதல் மூணு பொதுச் சீட்டுக்கு) முன்னாடியே தொல்லை குடுத்தா கதை வேற. நம்ம ஸ்டாக் (கைல இருக்கற காசு) 100 பிளைண்ட், பிளைண்ட்ங்கறது சீட்டு வர முன்னாடியே போடற கட்டாயப் பந்தயம், இங்க எண்ணெல்லாம் அந்தக் கணக்குலதான்; பட்டன்லருந்து (டீலர் இடத்துலருந்து) நாம 2.5 போட அவர் 11க்கு ஏத்திட்டே இருக்கார், எல்லாத்தையும் கால் பண்ணா சுமார் கையோட பெரிய பாட்ல சிக்குவோம். அப்பப்ப 24க்கு ஏத்துங்க. புதுசா 21.5 போட்டு பாட்ல இருக்கற 13.5 (2.5+11) எடுக்கப் பாக்கறோம், அவர் 61 சதவீதத்துக்கு மேல ஃபோல்டு பண்ணாதான் அந்த இடத்துலயே லாபம், அதனால கை பாத்து பண்ணணும், சூட்டட் (ரெண்டும் ஒரே ஜாதிச் சீட்டு) ஏஸ்-5 அருமையா இருக்கும், நம்மகிட்ட ஒரு ஏஸ் இருந்தா அவர்கிட்ட பாக்கெட் ஏஸ் (கைல ரெண்டு ஏஸ்) வர வழி 6லருந்து 3 ஆயிடும்ல. ஃபோல்டே பண்ண மாட்டேங்கறாரா, அந்த பிளஃப்பை நிறுத்திட்டு ஏஸ்-கிங், பெரிய ஜோடி வரும்போது மட்டும் ஏத்துங்க.