கத்திப்பாராவை மேலிருந்து பார்க்கிறேன்

சென்னை பம்மலில் வீடு, அண்ணா சாலை எல்.ஐ.சி. பக்கம் ஆபீஸ். காலை 8 மணிக்கு கைரேகை வைக்கணும். 11 வருஷம் பைக்தான். கத்திப்பாராவில் லாரிப் புகை, சைதாப்பேட்டை தாண்டினால் மேம்பால வேலை. போய்ச் சேரும்போது சட்டை பிழியலாம் போல இருக்கும்.

முதுகு வலிக்குப் பயந்து 3 மாசமாக மெட்ரோ நீல வழித்தடம். மீனம்பாக்கத்தில் வண்டியை விட்டுவிட்டு 6:50க்குள் ஏறினால் உட்கார இடம் உண்டு. ஆலந்தூர் வரைக்கும்தான் அந்த சொகுசு. பரங்கிமலையிலிருந்து பச்சை வழித்தடத்தில் வரும் கூட்டம் அங்கே மாறி ஏறிவிடும். அடுத்து ரயில் கத்திப்பாரா மேம்பாலத்துக்கும் மேலே போகும். கீழே சிக்கி நிற்கும் பைக்குகளைப் பார்க்க ஒரு அல்ப சந்தோஷம், மறைப்பானேன்! சின்னமலை தாண்டியதும் சுரங்கம்; வெயிலும் இல்லை, ஹாரனும் இல்லை.

மொபைலில் எடுக்கும் க்யூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடி. ஆனாலும் பார்க்கிங்கையும் சேர்த்தால் பெட்ரோல் செலவை விடக் கொஞ்சம் கூடத்தான். உள்ளே சாப்பிடக் கூடாது என்பதால் வீட்டு இட்லி ஆபீஸ் வரை காத்திருக்கிறது.

இறங்கினதும் ஒரு ஆட்டோக்காரர் ஒரு கிலோமீட்டருக்கு 80 ரூபாய் கேட்டார். நடந்தே போனேன். 7:40க்கு சீட்டில் இருந்தேன்.