இலவச ஆன்டிவைரஸுக்கு மூன்று ஆண்டுகள் பணம் கட்டினோம்

கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. தறி, சாயம், தையல் எல்லாவற்றையும் என் கணவரும் கொழுந்தனாரும் பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கும் ஏற்றுமதி ஆவணங்களும் என் பொறுப்பு. 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு மெயில் வைரஸால், எங்களுக்கு வரவேண்டிய 9,200 யூரோ யாரோ ஒருவனின் கணக்குக்குப் போய்விட்டது. நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல். வைரஸ் அனுப்பியவன் யாரென்று தெரியாது. ஆனால் கதவைத் திறந்து போட்டுவிட்டு, பூட்டியிருக்கிறது என்று சொல்லி மூன்று ஆண்டுகள் பணம் வாங்கியவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நான்கு கணினிகளையும் பராமரித்துவந்தவர் அவர். 2022 ஜூனில், "அக்கா, நல்ல ஆன்டிவைரஸ் போட்டுவிடுகிறேன், கணினிக்கு வருஷம் 1,800 ரூபாய்" என்றார். போட்டு முடித்ததும் என்னை அருகில் அழைத்து, பென் டிரைவிலிருந்து ஒரு சிறிய ஃபைலைத் திறந்தார். உடனே திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்து சத்தம் போட்டது. "பார்த்தீர்களா, வைரஸைப் பிடித்துவிட்டது. இனி எந்த மெயிலை வேண்டுமானாலும் தைரியமாகத் திறக்கலாம்." நான் நம்பினேன். 2023 ஜூனிலும் 2024 ஜூனிலும் வந்து, ஒவ்வொரு கணினி முன்னாலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "ரெனியூ செய்தாகிவிட்டது" என்று பணம் வாங்கிப் போனார். மொத்தம் 21,600 ரூபாய். ரசீது ஒருமுறைகூடத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஆகஸ்ட்டில் ஒரு திங்கட்கிழமை காலை, தூத்துக்குடியில் எங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஏஜென்ட்டின் பெயரில் மெயில் வந்தது. பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணம்) டிராஃப்ட், உடனே சரிபார்த்து அனுப்பவும் என்றிருந்தது. கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் இப்படி மெயில் வருவது வழக்கம்தான். இணைப்பு ஒரு ஜிப் ஃபைல். அதற்கான பாஸ்வேர்டு மெயிலிலேயே இருந்தது. பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறார்களே, பத்திரமாக அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே பி.டி.எஃப். படத்தோடு ஒரு ஃபைல், பெயரின் முடிவிலும் பி.டி.எஃப். இரண்டு முறை சொடுக்கினேன். எதுவும் திறக்கவில்லை. மறுபடியும் சொடுக்கினேன். சிவப்புப் பெட்டியும் வரவில்லை.

மதியம் ஏஜென்ட்டுக்குப் போன் செய்தபோது, "நாங்கள் இன்னும் டிராஃப்ட்டே போடவில்லையே மேடம்" என்றார். கை நடுங்கியது. உடனே கணினிக்காரரை அழைத்தேன். அவர் நேரில் வரவில்லை. "வைரஸாக இருந்தால் ஆன்டிவைரஸ் சத்தம் போட்டிருக்குமே அக்கா. அது கெட்டுப்போன ஃபைல், அழித்துவிடுங்கள்" என்றார். அன்றே பாஸ்வேர்டுகளை மாற்றச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. அந்த ஒரு பதிலை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இருபத்திரண்டு நாட்கள் கழித்து, ஹாம்பர்க்கில் இருக்கும் எங்கள் பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவர், பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் காப்பியை (வங்கி தரும் சான்றை) அனுப்பினார். அதில் இருந்த கணக்கு எண் எங்களுடையதல்ல. விசாரித்தபோது, என் மெயில் முகவரியிலிருந்தே அவருக்குக் கடிதம் போயிருந்தது தெரிந்தது. நாங்கள் இருவரும் பேசிவந்த அதே மெயில் தொடரில், எங்கள் லெட்டர்ஹெட்டில், என் கையெழுத்தோடு அதே இன்வாய்ஸ். வங்கி விவரம் மட்டும் வேறு. பையர் தன் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். அதற்குள் அந்தக் கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். கடைசியில் நட்டத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். பத்து வருடப் பழக்கம் என்பதால் அவர் அதற்குச் சம்மதித்தார்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தோம். அவர் முதலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய அம்புக்குறியை அழுத்தி, ஆன்டிவைரஸைத் திறந்து என்னிடம் காட்டினார். கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி 18-06-2022. அதாவது நிறுவிய அன்றோடு சரி. அதுவும் வீட்டு உபயோகத்துக்காக ஒரு நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருள். நான்கு கணினிகளிலும் அதேதான்.

ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்பதுதான் என்னை அதிகமாகக் கொதிக்கவைத்தது. இலவசப் பதிப்பு அவ்வப்போது "பணம் கட்டி மேம்படுத்துங்கள்" என்று விளம்பரம் காட்டும். அதை நான் பார்த்தால் இது இலவசம் என்று தெரிந்துவிடும் அல்லவா? அதற்காக அந்த மென்பொருள் இணையத்தோடு பேசவே முடியாதபடி தடுத்து, எச்சரிக்கைகளையும் அணைத்துவைத்திருந்தார். விளம்பரம் வரும் வழியும் புது வைரஸ்களைப் பற்றிய தகவல் வரும் வழியும் ஒன்றுதான். விண்டோஸோடு சேர்ந்து வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸையும் முடக்கியிருந்தார்.

அப்படியானால் அன்று சத்தம் போட்ட சிவப்புப் பெட்டி? அது ‘ஐகார்’ என்னும் சோதனை ஃபைல். வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. ஆன்டிவைரஸ் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. எவ்வளவு பழைய ஆன்டிவைரஸாக இருந்தாலும் அதைக் கண்டதும் கத்தும். புது வைரஸைப் பிடிக்குமா என்பதற்கு அது சாட்சியே அல்ல.

எங்களைத் தாக்கியது ‘ஏஜென்ட் டெஸ்லா’ வகை என்றார் பொறியாளர். 2014 முதல் உலவுவது. பிரவுசரிலும் அவுட்லுக்கிலும் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும், நாம் தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும். பத்து வருடப் பழைய திருடன் எப்படிப் புது வைரஸ் ஆவான் என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் மேலுறையை மாற்றி அனுப்புவார்களாம், நேற்றைய அடையாளம் இன்றைக்குப் பொருந்தாது. பி.டி.எஃப். என்று நான் பார்த்த பெயருக்குப் பின்னால் இ.எக்ஸ்.இ. இருந்தது, அதாவது அது ஆவணமல்ல, சொடுக்கினால் ஓடும் புரோகிராம். விண்டோஸ் அதை மறைத்துவிட்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகத்தையே அலைக்கழித்த ‘ஐ லவ் யூ’ வைரஸ் செய்ததும் இதே வித்தைதான். அதில் சாதாரண எழுத்து ஃபைலைக் குறிக்கும் டி.எக்ஸ்.டி. தெரிந்தது, புரோகிராமைக் குறிக்கும் வி.பி.எஸ். மறைந்திருந்தது. பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் மெயில் சர்வரின் வடிகட்டியால் பெரும்பாலும் எட்டிப் பார்க்க முடியாது. பூட்டைத் திறந்துகொடுத்தது நான்தான்.

இலவச ஆன்டிவைரஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே நிறுவனத்தின் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் வைரஸைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பாலும் ஒன்றுதான். டிஃபெண்டரும் இலவசம், ஒரு நாளில் பலமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் போன்ற ஆய்வகங்கள் இலவசமானவற்றையும் சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. ஆனால் இன்று காலை புது உறையில் வந்த வைரஸை முதல் சில மணி நேரம் எந்த ஆன்டிவைரஸும் தவறவிடலாம், காசு கொடுத்து வாங்கியதும்கூட. "எதை வேண்டுமானாலும் திறக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அவரை உங்கள் கணினியைத் தொட விடாதீர்கள். கடைசியாகப் புதுப்பித்த தேதியை நீங்களே பாருங்கள், அரை நிமிடம் போதும். ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பகுதியில் ஃபைல் பெயரின் பின்னொட்டைக் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவையுங்கள். வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால் பழைய எண்ணுக்குப் போன் செய்து கேட்கும்படி எங்கள் பையர்கள் எல்லோருக்கும் இப்போது எழுதிவிட்டோம்.

மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இந்தியாவுக்குள் பணம் பறிபோனவர்கள் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். கணினிக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நான் வாங்கியது சர்வீஸ் சார்ஜ் அக்கா, மென்பொருளுக்கு என்று எப்போது சொன்னேன்?" என்றார். ரசீது இல்லாததால் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

போன வாரம், அவரே பராமரிக்கும் இன்னொரு ஏற்றுமதி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே கணக்கு பார்க்கும் பெண்ணிடம் சொல்லி அந்த அம்புக்குறியை அழுத்தவைத்தேன். கடைசியாகப் புதுப்பித்தது 2023 பிப்ரவரி. அன்று மாலையே அங்கிருந்த ஆறு கணினிகளையும் இணையத்திலிருந்து துண்டித்து, மெயில் பாஸ்வேர்டுகளை முதலாளியின் போனிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றினோம்.