விமானம் தள்ளும் பேட்டரி வண்டிக்கு கிட் வாங்கப் போகிறீர்களா? எனக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செஸ்னா 172 என்ற பழைய சிறு விமானம் ஒன்று வைத்திருக்கிறோம். மூவரில் ஒருவருக்கும் இடுப்பு சரியில்லை. பறந்து முடித்து இறங்கியதும் விமானத்தை வால் முன்னே போகும்படி ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள், தள்ள வேண்டும். சமதரையில் ஒரே ஆள் தள்ளிவிடலாம். எங்கள் வாசலிலோ தரை நூறடிக்கு மூன்றடி ஏறும். ஏறி முடித்த இடத்தில் கதவு ஓடும் தண்டவாளப் பள்ளம். அங்கே சக்கரம் சிக்கும்போது நமக்குக் கைப்பிடிக்கக் கிடைப்பது புரொப்பெல்லர் ஒன்றுதான். அதைப் பிடித்துத் தள்ளுவது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிந்தும் எல்லோரும் செய்துகொண்டிருந்தோம்.

அதனால் பேட்டரியில் ஓடும் இழுவண்டி ஒன்றை நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன். இந்த மாதிரி இழுவண்டிக்கு டக் என்று பெயர்; கடையில் விற்பது எங்கள் கைக்கு எட்டாத விலை. சட்டம் வெல்டிங் செய்ய எனக்குத் தெரியும். பத்து அங்குலக் காற்றுச் சக்கரம் இரண்டு வீட்டிலேயே கிடந்தன. மோட்டார், கியர், பேட்டரி, வயரிங் மட்டும் வெளியே வாங்க வேண்டும்.

கணக்கை ஒழுங்காகத்தான் போட்டேன். 172என் ரகத்தின் உச்ச எடையே 1,043 கிலோ. கூடுதலாக 1,100 என்று வைத்துக்கொண்டேன். நல்ல கான்கிரீட்டில் உருட்ட எடையில் நூற்றில் இரண்டு பங்கு விசை போதும், அதாவது 22 கிலோ. ஏற்றத்துக்கு நூற்றில் மூன்று, 33 கிலோ. ஆக 55 கிலோ விசை, நியூட்டனில் சொன்னால் சுமார் 540. நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் சக்கரத்தில் 270 வாட். கியரிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தால் 400. பள்ளத்தைத் தாண்டக் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று 500 வாட் மோட்டார் தேடினேன்.

இணையத்தில் ஒரு விளம்பரம். 24 வோல்ட், 500 வாட் கியர் மோட்டார், உலோகப் பற்சக்கரம், மின்காந்த பிரேக், முன்னும் பின்னும் ஓட்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பெட்டி, 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, சார்ஜர். எல்லாம் வயர் மாட்டித் தயாராக வரும். "பிளேன் டக்குக்கே நெறைய குடுத்திருக்கோம் சார்" என்றார் விற்பவர். எத்தனை என்று நான் கேட்கவில்லை. ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். உடனே வீடியோ காலில் வந்தார். மேஜை மேல் கிளாம்ப் போட்ட மோட்டார், அதில் ஒரு சக்கரம், பட்டனை அழுத்தியதும் சும்மா ஜிவ்வென்று சுற்றியது. பின்பக்கம் அழுத்தினார், பின்பக்கம் சுற்றியது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இங்கேதான் நான் ஏமாந்தேன், பணம் கட்டும்போது அல்ல. காற்றில் சுற்றும் சக்கரத்துக்கு 250 வாட் மோட்டாரும் ஒன்றுதான், 500 வாட் மோட்டாரும் ஒன்றுதான். பேட்டரி கிழடாக இருந்தாலும் சுற்றும், கியர் நைலானாக இருந்தாலும் சுற்றும். சுமையே இல்லாமல் காட்டும் சோதனையில் எந்தப் பொய்யும் பிடிபடாது. அந்தச் சக்கரத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தொங்கு தராசில் மாட்டி, எத்தனை கிலோ இழுக்கிறது என்று காட்டச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். இரண்டே நிமிட வேலை. கேட்கத் தோன்றவில்லை.

பாதிப் பணம் கார்டில் கட்டினேன். மீதியை அனுப்பும் நேரத்தில், "கார்டுன்னா எங்களுக்குக் கமிஷன் போகுது, நேரா அக்கவுன்ட்ல போட்டுடுங்க சார், சார்ஜர் ஃப்ரீயா தர்றேன்" என்றார். போட்டேன். சார்ஜர் ஏற்கெனவே கிட்டில் சேர்ந்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பார்சல் வந்தது. சட்டத்தில் ஏற்றினேன். எங்கள் விமானத்தைப் பார்க்கும் மெக்கானிக் பெரியவர் ஒருவர், வண்டியைச் சுற்றி வந்து ஒரு கேள்விதான் கேட்டார். "நிக்கலேன்னா எப்படி நிறுத்துவ, தம்பி?" லீவரை விட்டால் நின்றுவிடும் என்றேன். "அது நிக்கறது. நீ எப்படி நிறுத்துவன்னு கேட்டேன்" என்றார். அவர் நச்சரிப்புக்காகவே பேட்டரி லைனில், கைப்பிடிக்குப் பக்கத்தில், இழுத்தால் கழன்று வரும் பெரிய ஆண்டர்சன் கனெக்டர் ஒன்றைப் போட்டேன். கிட்டில் அப்படி எதுவும் வரவில்லை, ஃபியூஸ்கூட இல்லை. ஃபியூஸ் இல்லாததைப் பார்த்த பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் சமதரையில் அருமையாக ஓடியது. எங்கள் வண்டியில் முன்சக்கரம் ஒரு தட்டில் ஏறி உட்காரும். அப்படி இருந்தால்தான் விமானத்தின் எடையில் ஒரு பங்கு வண்டிச் சக்கரத்தின் மேல் இறங்கிப் பிடிமானம் கிடைக்கும். வெறும் கம்பியில் கோத்து இழுத்தால், 35 கிலோ வண்டி காய்ந்த தரையில்கூட அந்த 55 கிலோ விசையைக் கொடுக்காது, சக்கரம் வழுக்கும். இது தனிக் கதை, வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஏற்றத்தின் நடுவில் லீவரை விட்டேன். மின்காந்த பிரேக் என்பது கரன்ட் போனதும் ஸ்பிரிங் வந்து கவ்வ வேண்டியது. கவ்வவில்லை. ஒரு நொடி நின்றது போல இருந்தது, அப்புறம் வண்டியும் விமானமும் என்னை நோக்கி மெல்ல இறங்க ஆரம்பித்தன. கூட்டாளி சக்கரக் கட்டையைத் தூக்கிப் போட்டான், தப்பித்தோம். விற்றவரைக் கூப்பிட்டேன். "புது பிரேக் சார், பத்துத் தடவை ஓட்டினா செட் ஆயிடும்." நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள். ஏற்றம் ஏறி, பெரிய சக்கரங்கள் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கின. மோட்டார் முனகி நின்றது. வார்னிஷ் கருகும் வாசனை. லீவரை விட்டு விட்டு அழுத்தினேன், நாலைந்து முறை இருக்கும். கடைசியில் ஒரு குலுக்கலில் தாண்டியது. அப்பாடா என்று லீவரை விட்டேன்.

வண்டி நிற்கவில்லை.

உள்ளே சமதரை, ஆயிரம் கிலோ பின்னால் நகர்கிறது, வாலுக்குப் பின்னே சுவர். நடக்கும் வேகம்தான், ஆனால் அதைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. பதற்றத்தில் கைப்பிடியை ஒரு பக்கமாக ஒடித்தேன். கூட்டாளி "ரெட் மார்க், ரெட் மார்க்" என்று கத்துகிறான். இந்த விமானத்தில் முன்சக்கரத்தை நடுவிலிருந்து இருபுறமும் 30 டிகிரிக்கு மேல் திருப்பி இழுக்கக் கூடாது, அந்த எல்லைதான் ரெட் மார்க், அது தாண்டிவிட்டது. அப்போதுதான் கனெக்டர் ஞாபகம் வந்து பிடுங்கினேன். எலிவேட்டருக்கும் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) சுவர் அலமாரிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. பிறகு அளந்தும் பார்த்தேன், 24 சென்டிமீட்டர்.

முன்சக்கரத்தைத் தாங்கும் காலைக் கழற்றிப் பார்த்து, ஒன்றும் வளையவில்லை என்று பெரியவர் கையெழுத்துப் போடும்வரை விமானம் தரையில்தான் கிடந்தது. அந்த நாட்களில் கிட்டை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

முதலில் ரிலே. தொடுமுனைகள் இரண்டும் உருகி ஒட்டியிருந்தன. உடம்பில் அச்சடித்திருந்தது 30 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி. அது வீட்டு மின்சாரம் போன்ற மாறுமின்னோட்டத்துக்கான கணக்கு. பேட்டரி தரும் நேர்மின்னோட்டத்துக்கு, அதாவது டிசிக்கு, கணக்கே போடவில்லை. ஏசியில் கரன்ட் நொடிக்கு நூறு, நூற்றிருபது தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால் முனைகள் பிரியும்போது வரும் பொறி தானே அணையும். டிசியில் அந்தத் தயவு கிடையாது, பொறி நின்று எரியும். அதற்குமேல், மோட்டார் முனகி நிற்கும் நேரத்தில் கரன்ட் வழக்கத்தைப் போல நாலைந்து மடங்கு ஓடும். நான் விட்டு விட்டு அழுத்தியது ஒவ்வொன்றும் ஒரு சின்ன வெல்டிங். டிசி எழுத்து இல்லாத ரிலேயை இந்த மாதிரி வண்டியில் பார்த்தால் ஓட்டியே பார்க்காதீர்கள், கழற்றிப் போடுங்கள்.

மோட்டாரில் வெள்ளி நிற ஸ்டிக்கர், 500 வாட் என்று. ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது, நகத்தால் உரித்தேன். அடியில் தகட்டிலேயே குத்தியிருந்தது 250. பின்மூடிக்குள் பிரேக் இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு வயர் மட்டும் உள்ளே போய், டேப் சுற்றி, மடித்து வைத்திருந்தது. செட் ஆக அங்கே என்ன இருந்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். கியர் பெட்டியில் வெளியே தெரியும் பற்சக்கரம் பித்தளை, உள்ளே இருப்பது நைலான், மூன்று பல் மழுங்கியாயிற்று.

பேட்டரியைத் திறக்கும் முன்பே அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்குத் திருப்புளிகூட வேண்டாம். சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் போதும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் இந்த வோல்டேஜுக்கு எட்டு செல் வரிசை, செல்லுக்கு 3.65 வீதம் 29.2 வோல்ட் வரை சார்ஜ் ஆகும். சாதாரண லித்தியம் அயான் ஏழு செல் வரிசை, செல்லுக்கு 4.2 வீதம் 29.4. என் சார்ஜரில் எழுதியிருந்தது 29.4. ஸ்டிக்கர் ஒட்டியவர் பேட்டரிக்கு மட்டும் ஒட்டிவிட்டு சார்ஜரை மறந்துவிட்டார். அந்த 0.2 வோல்ட் இத்தனை நாளும் என் கண்ணெதிரே கிடந்தது.

எடையும் சொல்லிக்கொடுத்திருக்கும். அசல் சரக்கென்றால் ஐந்து கிலோவை ஒட்டி வரும். இது மூன்றரை. உள்ளே 18650 என்ற ரகத்தில் 28 சிறிய உருளை செல்கள், பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிய்த்தவை. சிலவற்றில் பழைய வெல்டிங் தழும்பு அப்படியே இருந்தது. சுற்றிலும் பஞ்சு. அடியில் ஒரு இரும்புத் தகடு, பசை போட்டு ஒட்டியது, 1.6 கிலோ. அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறந்துபோய் விட்டது, தவறிப்போய் வந்தது என்று எதற்கு வேண்டுமானாலும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதை ஒருவர் அளந்து வெட்டி, பெட்டிக்குள் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து ஒட்டியிருக்கிறார்.

பாதுகாப்பு போர்டு ஒன்று இருந்தது, ஆனால் சார்ஜ் வயர் மட்டும்தான் அதன் வழியாகப் போனது. மோட்டாருக்குப் போகும் கனமான வயர் செல்லில் நேராகப் பற்றவைத்திருந்தது. ஃபியூஸும் இல்லாமல் இதை அலுமினிய விமானத்தின் மூக்குக்கு அடியில், எரிபொருள் டாங்கியிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் ஓட்டியிருக்கிறேன். வாலுக்கும் சுவருக்கும் இடையே இருந்த ஒரு சாணை விட இதுதான் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பெட்டியைத் திருப்பி மூடி, கணக்குக்காக ஒரு சோதனை. லாரிக்குப் போடும் 24 வோல்ட், 70 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டை மாட்டி, பெட்டியை வெட்டவெளியில் வைத்தேன். ஆறு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். இருபது ஆம்பியர்-மணி என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். ஐம்பது நிமிடத்தில் 21 வோல்ட்டுக்கு இறங்கியது. ஐந்து ஆம்பியர்-மணிகூட இல்லை.

போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். 500 வாட் என்பது "பீக்" என்றார். ஓவர்லோடு கொடுத்தது என் தப்பு என்றார். விமானத்துக்கு என்று சொல்லித்தானே வாங்கினேன் என்றால், "சின்ன பிளேன்னு சொன்னீங்களே சார்." பேட்டரியைத் திறந்துவிட்டதால் வாரண்டி கிடையாதாம். இரும்புத் தகடு எதற்கு என்று கேட்டேன். "அது ஹீட் சிங்க் சார்." இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

கார்டில் கட்டிய பாதி, வங்கியில் புகார் கொடுத்ததும் திரும்பி வந்தது. விளம்பரப் படம், உரித்த ஸ்டிக்கரின் படம், தராசின் படம் மூன்றும் போதுமாக இருந்தன. நேராக அக்கவுன்ட்டில் போட்ட பாதி போனதுதான்; அங்கே புகார் எண் ஒன்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை. வீடியோ காலை நான் பதிவு செய்யவில்லை. பேசியதை எல்லாம் எழுத்தில் வாங்காததும் என் தவறு. "உலோக கியர்" என்பது விளம்பரத்தில் இருந்ததால் பிழைத்தது, பிரேக் பற்றி வாயால் சொன்ன வாக்குறுதிகளில் ஒன்றும் செல்லவில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. பழைய மின்சக்கர நாற்காலி ஒன்றை முழுதாக வாங்கி, அதில் நானே உட்கார்ந்து ஒரு ஏற்றத்தில் ஏற்றி, நடுவில் நிறுத்தி, பிரேக் கவ்வுகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். அதன் இரண்டு மோட்டாரும், கன்ட்ரோலரும், பிரேக்கும் அப்படியே வண்டிக்கு மாறின. பேட்டரி கனமான ஈய அமிலம், தராசில் வைத்து, தேதி பார்த்து, பல்பு மாட்டிப் பார்த்து வாங்கியது. ஃபியூஸ் டிசிக்கானது. கனெக்டர் அதே இடத்தில், இப்போது சிவப்புக் கயிறு கட்டித் தொங்குகிறது. ஈரமான நாளில் சக்கரம் லேசாக வழுக்கியதால் வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் பாரம் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த 1.6 கிலோ தகட்டில் இரண்டு ஓட்டை போட்டு அங்கே போல்ட் செய்திருக்கிறேன்.