வெட்டிச் சேமிப்பதா, காட்டும்போது வெட்டுவதா?

என் இணையதளத்துப் படங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. படத்தை வெட்டித் தனிக் கோப்பாகச் சேமிப்பது ஒன்று. மூலப்படத்தைத் தொடாமல், பக்கத்தில் வேண்டிய பகுதியை மட்டும் தெரியவைப்பது இன்னொன்று. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். என் சாய்வு தெரிந்தே படியுங்கள்.

வெட்டிச் சேமித்தால் கோப்பு சிறியது, பக்கம் சீக்கிரம் திறக்கும். படக்குறிப்பு தொலைந்துவிடுமே என்பார்கள். அது பாதிதான் உண்மை. தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் படக்குறிப்பும் மாற்று உரையும் (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விவரிப்பு) இருப்பது தரவுத்தளத்தில். படங்களைச் சேர்த்துவைக்கும் மீடியா நூலகத்தில் வெட்டினால் படத்துக்கான தரவுத்தளப் பதிவு அதேதான், குறிப்பும் அப்படியே நிற்கும். பக்கத்தை எழுதும் பிளாக் எடிட்டருக்குள் வெட்டினால் படத்துக்குப் புதுப் பதிவு முளைக்கும். படக் கோப்புக்குள்ளேயே பொதிந்த எக்ஸிஃப் (கேமரா எழுதும் விவரங்கள்), ஐபிடிசி (தலைப்பு, எடுத்தவர் பெயர் போன்றவை) வேறு கதை: சர்வரில் படத்தை வெட்டும் நிரல் ஜிடி என்றால் உதிர்ந்துவிடும், இமேஜ்மேஜிக் என்றால் பெரும்பாலும் தங்கும்.

குறிப்பு தொலைந்திருந்தால் கண்ணிலாவது பட்டிருக்கும். எனக்கு வினையானது நகல். ஒரு குழுப் படத்தை முகப்புக்கு அகலமாக, பட்டியலுக்குச் சதுரமாக, கைபேசிக்கு நெடுக்காக வெட்டி வைத்திருந்தேன். மூன்று கோப்பு, மூன்று குறிப்பு. ஒருவர் பெயர் தவறு என்று தெரிந்ததும் ஒன்றில் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். மற்ற இரண்டும் பழைய பெயரோடு மாதக்கணக்கில் கிடந்தன. படம் கூடக்கூட இந்தத் திருத்த வேலைக்கு முடிவே கிடையாது.

இப்போது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், படம் சட்டத்தை நிரப்ப 'ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர்', கூடவே எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்ல 'ஆப்ஜெக்ட்-பொசிஷன்: 70% 30%' என்பதுபோல ஒரு வரி. படம் ஒன்று, குறிப்பு ஒன்று. திருத்தினால் ஒரே இடத்தில் முடிந்தது. ஆனால் 'இடமிருந்து மூன்றாவது' என்று எழுதிய குறிப்பு, இரண்டு பேர் மட்டுமே தெரியும் சதுரத்தின் கீழே பல்லிளிக்கும். அதற்கு இதிலும் மருந்தில்லை, குறிப்பைத்தான் மாற்றி எழுத வேண்டும்.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத பகுதியும் சேர்ந்தே இறங்குவதால் கொஞ்சம் வீண்செலவு உண்டு. திரைக்கேற்ற அளவுப் படத்தை உலாவி எடுத்துக்கொள்ளச் செய்யும் 'சோர்ஸ்-செட்' போட்டால் குறையும். ஒருவரின் முகத்தை மறைக்கத்தான் வெட்டுகிறீர்கள் என்றால் இந்த வழி கூடவே கூடாது, முழுப்படம் அதே முகவரியில் திறந்து கிடக்கும். அங்கே வெட்டித்தான் சேமிக்க வேண்டும். அப்போதும் எக்ஸிஃப்புக்குள் வெட்டாத படத்தின் குட்டி உரு தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சில மென்பொருள்கள் அதை மாற்றுவதில்லை.

படத்தில் கட்டாயம் தெரிய வேண்டிய புள்ளியை, அதாவது குவிமையத்தைக் குறித்துக்கொடுத்தால் சர்வரே அளவுக்கேற்ப வெட்டித் தரும் நடுவழியும் இருக்கிறது, எல்லாம் ஒரே பதிவின்கீழ். சில டஜன் படங்களில் மட்டும் முயன்றேன், பிடித்திருந்தது. ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம் போதாது.