மூன்றடி தொட்டிக்கு வேவ் மேக்கர்: பின்கண்ணாடியா, பக்கக் கண்ணாடியா?

வேலூர்ப் பக்கம் மீன் வளர்ப்பவர்களுக்கு ஏப்ரல் வந்தாலே, வேவ் மேக்கரை, அதாவது தொட்டிக்குள் கண்ணாடியில் ஒட்டித் தண்ணீரைத் தள்ளிச் சுழலவிடும் சின்னப் பம்பை, எந்தப் பக்கம் ஒட்டுவது என்ற கேள்வி வந்துவிடும். சுற்றிலும் பாறை மலை, வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, கூடத்தில் இருக்கும் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்கு ஏறி அங்கேயே நிற்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 32-இல் 7.3 அளவுதான், அதே நேரம் சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. அதனால் பம்பை எங்கே ஒட்டினால் மேல் தண்ணீர் நன்றாக அசையும், கீழே இருக்கும் தண்ணீர் மேலே வந்து போகும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒயர் தெரிகிறதா தெரியவில்லையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 36க்கு 12க்கு 15 அங்குலத் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 90 லிட்டர் நிற்கும்.

பெரும்பாலானவர்கள் ஒட்டுவது பின்கண்ணாடி நடுவில். செடிக்குப் பின்னால் மறைந்துவிடும், பார்க்க அழகு. ஆனால் எதிரே 12 அங்குலத்தில் முன்கண்ணாடி வந்துவிடுகிறதே, சுவரைப் பார்த்து டேபிள் ஃபேன் வைத்த மாதிரிதான். தண்ணீர் வேகமாகப் போய் முட்டி, இரண்டாகப் பிரிந்து, அங்கேயே சுழன்று வேகம் செத்துவிடும். முன்பக்க மணலில் பள்ளம் விழும், பின்னால் இரண்டு மூலையிலும் தண்ணீர் அசையாது. சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டில் இப்படித்தான் இருந்தது. மரக்கட்டைக்குப் பின்னால் ஸ்பூனை விட்டுக் கிளறினால் பழுப்பாகக் கழிவு புகை மாதிரி கிளம்பும், முன்னால் நின்று பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருக்கும். முன்னும் பின்னும் இரண்டடி அகலம் உள்ள தொட்டி என்றால் இந்த இடம் சரியாக வரும், நான் மறுக்கவில்லை. ஓரடி அகலத்துக்கு வேண்டாம்.

பக்கக் கண்ணாடி, அதாவது சின்னப் பக்கம், எனக்குப் பிடித்தது இதுதான். இடப்பக்கச் சுவரில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், மேலிருந்து மூன்று அங்குலம் கீழே ஒட்டி, வாயை லேசாக மேல்நோக்கித் திருப்புங்கள். எதிரே முழு மூன்றடி காலியாகக் கிடக்கிறது. மேலாக வலப்பக்கம் ஓடும் தண்ணீர் எதிர்க் கண்ணாடியில் முட்டி, கீழே இறங்கி, மணலை ஒட்டியே இடப்பக்கம் திரும்பி வரும். ஒரே பெரிய வட்டம். மேற்பரப்பில் நிற்கும் எண்ணெய்ப் படலம் உடைந்துவிடும், அடியில் இருக்கும் தண்ணீரும் முறை வைத்து மேலே வந்து காற்றைத் தொட்டுவிட்டுப் போகும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம், ஃபில்டர் உறிஞ்சும் வாயை எங்கே வைப்பது என்பது. பம்புக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் குப்பை அங்கே போய்ச் சேரும் என்று நினைக்கிறோம். மேலே சொன்ன வட்டத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள், அடியில் உருண்டு வரும் கழிவு வந்து சேருவது பம்புக்கு நேர் கீழே. ஃபில்டர் வாயும் அங்கேதான் இருக்க வேண்டும். ஃபில்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீரும் பம்பு தள்ளும் திசையிலேயே போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும், எதிரெதிரே விட்டால் நடுவில் மோதி இரண்டும் வீண்.

பம்பை மணலுக்குப் பக்கத்தில் தாழ ஒட்டுவது இன்னொரு வழி. கழிவு எங்கும் தங்காது, வாஸ்தவம். ஆனால் மேற்பரப்பு அசையாது, கத்திரி வெயிலில் நமக்கு வேண்டியதே அதுதான். ஓடும் தண்ணீரில் கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் மீன்கள் வளர்ப்பவர்கள் இரண்டாவது பம்பாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பம்பை எதிரெதிரே மாட்டுவது கடல் தொட்டிக்காரர்கள் வழக்கம். பவளத்துக்கு மாறி மாறி வரும் அலை தேவை, அங்கே மணிக்குத் தொட்டி அளவைப் போல 20 மடங்குக்கு மேல் தண்ணீர் சுழல வேண்டும். நன்னீர்த் தொட்டிக்கு ஃபில்டரையும் சேர்த்து 5 முதல் 10 மடங்கு போதும், நம் 90 லிட்டருக்கு 900 லிட்டர் தாண்ட வேண்டியதில்லை. கடையில் 2000, 3000 லிட்டர் என்று எடுத்துக் கொடுப்பார்கள், வேகம் குறைக்கும் வசதி இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பழைய வகைப் பம்பான பவர் ஹெட் ஒல்லியாக, ஊசி மாதிரி பாய்ச்சும், வேவ் மேக்கர் அகலமாகத் தள்ளும், மீனுக்கு இரண்டாவதுதான் நல்லது. இன்னொன்று, தண்ணீருக்குள் ஓடும் மோட்டார் எத்தனை வாட் எடுக்கிறதோ அத்தனையும் கடைசியில் தண்ணீரில் சூடாகத்தான் இறங்கும். நம் ஊரில் 3 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மே மாதம் காட்டிக்கொடுக்கும்.

ஃபைட்டர், பெரிய வால் கப்பி, உருண்டை கோல்ட்ஃபிஷ் இருந்தால் எந்தச் சுவரானாலும் வேகம் மிகக் குறைவாக இருக்கட்டும், ஃபைட்டருக்குப் பம்பே தேவையில்லை. செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் வாயை மேலே திருப்பாமல் நேராக விடுங்கள், இல்லையென்றால் விடும் வாயு மேற்பரப்பு வழியாகவே போய்விடும்.

ஒட்டி முடித்த பிறகு தீவனத்தைப் பொடியாக நசுக்கி ஒரு சிட்டிகை போட்டு, அது எங்கே போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பாருங்கள். நின்ற இடத்துக்கு நேராக வாயை ஒரு விரல் அகலம் திருப்பினாலே போதும். நம் போர் தண்ணீரின் கடினத்தன்மையில் நன்றாக வளரும் வாலிஸ்னேரியா செடி இருந்தால் இன்னும் சுலபம், இலைகள் மேலே ஒரு பக்கமும் அடியில் மறுபக்கமும் லேசாகச் சாய்ந்தால் வட்டம் ஓடுகிறது என்று அர்த்தம். ஏஞ்சல் மீன் ஏதாவது ஒரு மூலையில் துடுப்பை அடித்துக்கொள்ளாமல் நிற்க முடிய வேண்டும், முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

மூன்று அங்குலம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கோடையில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓர் அங்குலத்தில் ஒட்டினால் பம்பு காற்றை இழுத்து கரகரவென்று சத்தம் போடும், தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி. காந்த வகை வாங்கினால் உங்கள் கண்ணாடித் தடிமனுக்கு ஏற்றதா என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள், ரப்பர் உறிஞ்சி வகை நாளாவட்டத்தில் இறுகிப்போய் ராத்திரியில் கழன்று விழும். அதே போர் தண்ணீர் மோட்டார் இறக்கையிலும் தண்டிலும் வெள்ளையாகப் படியும், மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்துவிடுங்கள். படிவு ஏறிய மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது, கரண்ட் போய் வந்ததும் அப்படியே சிக்கி நின்றுவிடும். அதனால் கரண்ட் வந்தவுடன் மேல் தண்ணீர் அசைகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், முக்கியமாக ராத்திரி கரண்ட் போய் வந்தால்.